முப்பத்தொன்று

முப்பது என்றால் நான்.
முப்பத்தொன்று என்றாலும் நான்தான்,
குரலைக் கொஞ்சம் மூக்குக்கு ஏற்றிக்கொண்டு.
இரண்டு எண்ணுக்கும் நடுவே
ஒரு மூச்சுதான் இடைவெளி.
அதற்குள் பேனா பொறுக்குவதுபோலக் குனிந்து
வேறொருத்தியாக நிமிர வேண்டும்.

நாகவேணி அந்நேரம்
தடாவில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி
ஆரம்பாக்கம் வரும் ஷேர் ஆட்டோவில்
ஒற்றைக்கால் வெளியே தொங்க வந்துகொண்டிருப்பாள்.
இரவு முழுக்கச் சார்ஜர் மூடி அழுத்திய கட்டைவிரலை
வாயில் வைத்து ஊதிக்கொண்டு.
ஆந்திராவில் சம்பளம்,
தமிழ்நாட்டில் தூக்கம்,
நடுவில் ஒரு செக்போஸ்ட்.
"நம்ம காலேஜ் எந்த ஸ்டேட்டுல இருக்குடி?" என்று
அவளே கேட்டு அவளே சிரிப்பாள்.

கஜபதி சார் செலவுக் கணக்கியல் எடுப்பார்.
எடுப்பார் என்றால்
புத்தகத்தை எடுப்பார்.
அதில் இருப்பதை அதில் இருப்பதுபோலவே படிப்பார்.
மின்விசிறி அவரைவிட விளக்கமாகப் பேசும்.
எழுபத்தைந்து சதவீதம் தேறாதவர்கள் பெயர்
நோட்டீஸ் போர்டில் தொங்கும்
கடன்காரர் பட்டியல் மாதிரி.

நான் ஒரு நாள் விட்டதில்லை.
எளாவூரில் தண்டவாளம் முழுகிய அன்றும்
காய்கறி வண்டியில் ஏறிப் போய்
ஈரச் சுடிதாரோடு பெஞ்சில்
இரண்டு பேராக உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் நோட்டைப் படம் எடுத்து அனுப்புவேன்.
வீண் நேரம் என்பது
கூலி கொடுத்தும் வேலை நடவாத நேரம்.
அது இயல்பானது, இயல்பற்றது என இருவகைப்படும்.
நான் நாலு தடவை உருப்போட்ட வரி.
அவளிடமிருந்து குரல்செய்தி வந்தது:
"இதானா! கரண்டு போயி பெல்ட்டு நின்னா கம்பெனி கணக்கு.
பாத்ரூம் போயி நான் நின்னா என் கணக்கு.
இதுக்கு எதுக்குடி ரெண்டு பக்கம்?"

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
மெஷின் பழுதென்று பாதி இரவில் அனுப்பிவிட்டார்கள் போல.
கடைசி பெஞ்சில் அவள் வந்து உட்கார்ந்ததை
நான் பார்க்கவில்லை.
"முப்பத்தொன்று."
உள்ளேன் ஐயா, என்றேன்.
உள்ளேன் ஐயா, என்றாள்.

வகுப்பு உருண்டு சிரித்தது.
சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இதில் யாரம்மா நாகவேணி?"
எழுந்து நின்றாள், கழுத்தில் கம்பெனி அட்டையோடு.
அவர் அவளைப் பார்க்கவில்லை.
இரண்டு வருஷமாகக் காதுக்குப் பழகிய குரல்
எங்கிருந்து வந்தது என்று
என்னையே பார்த்தார்.
பிறகு இரண்டு எண்ணுக்கும் டிக் போட்டார்.

தேதி எழுதினாள். தலைப்பு எழுதி
அடிக்கோடு போட்டாள்.
அந்தக் கோடு முடியுமுன் தூங்கிப்போனாள்.
தூக்கத்தில் "அயிப்போயிந்தி" என்றாள்,
யாரோ மேஸ்திரிக்குப் பதில் சொல்வதுபோல.

டஸ்டரால் மேஜையைத் தட்டுகிற மனிதர்
அன்று தட்டவில்லை.
புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார்.
ஊத்துக்கோட்டை ரைஸ்மில்லில்
ராத்திரி மூட்டை எண்ணிப் படித்த வருஷத்தை,
எண்ணும்போதே தூங்கிப்போனதை,
வாய் மட்டும் நிற்காமல் எண்ணிக்கொண்டே போனதை,
விடிந்தபோது கணக்கில் அறுபது மூட்டை
அதிகம் இருந்ததைச் சொன்னார்.
அவள் விழித்துவிடாத அளவுக்குச் சின்னக் குரலில்.
முன்பெஞ்சிலேயே நாங்கள்
சாய்ந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

ரிசல்ட் வந்தது.
அவள் எண்பத்தொன்று. நான் ஐம்பத்து நாலு.
"தினமும் போனியே, எங்க போன?" என்றாள் அம்மா.
நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
மூன்று வருஷத்தில்
என் காதில் விழுந்த ஒரே வகுப்பு அதுதான்.

இரவு நாகவேணி கூப்பிட்டாள்.
மார்க்கைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
"நான் தூங்கினப்புறம் சார் என்னமோ சொன்னாராமே,
நீ ஏன் அதை நோட்டுல எழுதல?"
பரீட்சைக்கு வராதுடி.
"அதான் கேக்கறேன்."

சொல்லத் தொடங்கினேன்.
மில், மூட்டை, அறுபது, எல்லாம் வந்தது.
அவள் பக்கம் பெல்ட்டின் இரைச்சல்.
"ம்" என்றாள்.
"இவ்வளவுதானா?" என்றாள்.

இல்லை.
அவர் சொன்னபோது இப்படி இல்லை.
யார் குரலும் எனக்கு வரும் என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.